ஓரக்கூடை

மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் கண்ணால் பார்க்கிற மாதிரியும் எண்ணால் காட்டுகிற மாதிரியும் ஏதாவது ஒரு மாற்றத்தைச் செய்து காட்டினால் ஒரு வருடம் இருக்கலாம். காட்டாவிட்டால் திரும்பும் விமானச் சீட்டு. இப்படிச் சொல்லித்தான் தொண்டு நிறுவனம் அவனை அந்தக் கடற்கரைக் குடியிருப்புக்கு அனுப்பியிருந்தது. உலகத்தில் மாற்றம் தேவைப்படும் இடங்கள் என்று அவர்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. அதில் இந்தக் குடியிருப்பும் இருந்தது. குடியிருப்புக்காரர்களிடம் அந்தப் பட்டியலைக் காட்டினார்களா என்று தெரியவில்லை.

அவன் உற்பத்திப் பொறியியல் படித்தவன். படித்து முடித்து இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்ததை அவனுடைய அப்பா 'மேல்படிப்புக்குத் தயார் பண்ணிட்டிருக்கான்' என்று உறவினர்களிடம் சொல்லிக் காலத்தை ஓட்டியிருந்தார். விமானம் ஏறிய அன்று அது 'வெளிநாட்டில் வேலை' ஆயிற்று. சம்பளம் இல்லாத வேலை என்பதை அப்பா யாருக்கும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு மட்டும் தெரியும், அதனால் எல்லோருக்கும் தெரியும். மூன்றே மாதத்தில் பெட்டியோடு வாசலில் போய் இறங்கினால் என்ன ஆகும் என்று அவன் யோசித்துப் பார்த்திருக்கிறான். ஒன்றும் ஆகாது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வந்துட்டியா" என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் இருப்பதற்காகவே அவனுக்கு அந்த ஒரு வருடம் வேண்டியிருந்தது.

தங்குவதற்கு ஓர் அக்காவின் வீட்டில் இடம் கொடுத்திருந்தார்கள். சாக்குத் தைப்பவள். அவள் கணவர் இரண்டு வருடம் முன்பு படகுக்குள்ளேயே வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர். அவரை இவன் மாமா என்று கூப்பிட்டான். ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி ரேடியோவில் வானிலை கேட்பதும், கேட்டுவிட்டுக் கடலுக்குப் போனவர்களைக் குறை சொல்வதும் மாமாவின் முழுநேர வேலை. "இன்னிக்குப் போனவன் எவனும் மனுஷன் இல்ல" என்பார் காலையில். மாலையில் அத்தனை பேரும் திரும்பி வந்துவிட்டால், "அதிர்ஷ்டம்" என்பார்.

அவன் அறையில் கட்டில் அவனைவிட நான்கு விரல் குட்டை. கூரை தகரம். ஆணியில் மாட்டிய சட்டையில் மூன்றாம் நாளே ஆணி துருவால் கையெழுத்துப் போட்டுவிட்டது. துண்டு ஒருநாளும் காயவில்லை. காய்ந்துவிட்டதாக அவன்தான் பழகிக்கொண்டான். மீன் வாடை முதல் வாரம் மூக்கில் இருந்தது, இரண்டாம் வாரம் தலைமுடிக்குப் போனது, மூன்றாம் வாரம் மடிக்கணினியைத் திறந்தால் அதிலிருந்து வந்தது. நான்காம் வாரம் வாடையே இல்லை. அவனே அதுவாகிவிட்டான் என்பதை நகரத்துப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போனபோது தெரிந்துகொண்டான்.

அந்த ஊர் மொழியை ஆறு வாரம் வகுப்பில் படித்திருந்தான். வகுப்பில் 'நூலகம் எங்கே இருக்கிறது' என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தார்கள். குடியிருப்பில் நூலகம் இல்லை. மீதியைத் தெருவில் பொறுக்கிக்கொண்டான். இந்தக் கதையில் வருகிற பேச்செல்லாம் அவன் காதுக்குள் வந்து சேர்ந்தபடிதான். இரண்டாம் மாதத்தில், திட்டுவது தன்னைத்தான் என்று புரிகிற அளவுக்குத் தேறியிருந்தான்.

வேலை, மீன் கொட்டகையில். பதினெட்டு அடி நீளத்தில் ஒரு சிமெண்ட் மேசை. காலையில் படகுகள் வந்ததும் மீனை அதன்மேல் கொட்டுவார்கள். மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் நின்று அளவு வாரியாகப் பிரித்துப் பெட்டிகளில் போடுவார்கள். நசுங்கியது, வயிறு கிழிந்தது, செவுள் பிய்ந்தது எல்லாம் மேசை ஓரத்தில் இருக்கும் பிரம்புக் கூடைக்குப் போகும். அதற்குப் பெயரே ஓரக்கூடை. பெட்டிகளை மீன் வாங்கும் கம்பெனியின் லாரி எடுத்துக்கொள்ளும். ஓரக்கூடையைக் கம்பெனி தொடாது.

மேசைத் தலைமாட்டில் நிற்பவளை எல்லோரும் பெரியக்கா என்றார்கள். அதிகம் பேசமாட்டாள். கண்ணாலேயே பன்னிரண்டு பேரையும் மேய்ப்பாள். இவனுக்குப் பக்கத்தில் நின்றவளுக்குப் பெயர் வாயாடி. அந்தப் பெயருக்கு அவள் ஒருநாளும் துரோகம் செய்ததில்லை.

முதல் வாரம் அவன் ஓரமாக நின்று அளந்தான். எதற்கெடுத்தாலும் இவ்வளவு சதவீதம், அவ்வளவு சதவீதம் என்றான். அதற்குள் அவன் பெயர் சதவீதம் ஆகிவிட்டது.

"சதவீதம், கொஞ்சம் தள்ளி நில்லு. ஐஸ் வருது."

"சதவீதத்துக்கு ஒரு டீ."

ஓரக்கூடைக்குப் போகும் மீன் பன்னிரண்டு சதவீதம் என்று கண்டுபிடித்தான். பிறகு கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தான். அதில் பெரும்பகுதி, ஒரு குறையும் இல்லாத நல்ல மீன். செதில்கூட உதிராத, கண் கண்ணாடி போல மின்னுகிற மீன். அவனுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. மகிழ்ச்சியில்தான். நான்கு வருடம் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்த 'தவிர்க்கக்கூடிய சேதாரம்' உயிரோடு, இல்லை, உயிரில்லாமல், கூடைக்குள் கிடந்தது. ஒரு வருடத்துக்கான அனுமதிச்சீட்டு அந்தப் பிரம்புக் கூடைக்குள் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

மாற்றத்தை உடனே தொடங்கினான். எது நல்ல மீன், எது கெட்ட மீன் என்று படம் எடுத்து, நகரத்தில் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்து மேசைக்கு மேலே தொங்கவிட்டான். பிறந்ததிலிருந்து மீன் பிரிக்கிற பன்னிரண்டு பெண்களும் அந்தப் படத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

"கெட்ட மீனு போட்டோவுல நல்லாத்தான் இருக்கு" என்றாள் வாயாடி.

அது போதவில்லை. பிறகு அவனே ஓரக்கூடைக்குப் பக்கத்தில் நின்றான். யார் எதைப் போட்டாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, நல்ல மீனை எடுத்துப் பெட்டியில் திரும்பப் போட்டான். பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிகளைக் கணக்கு எடுக்கும் கம்பெனி ஆள் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருக்கும்போது சொல்லவும் முடியாது. வழக்கமாக நடக்கும் பேச்சும் சிரிப்பும் நின்று, கொட்டகை அமைதியாயிற்று. அவன் தன் நோட்டில் 'கவனம் கூடியுள்ளது, ஒத்துழைப்பு நன்று' என்று எழுதிக்கொண்டான்.

இரண்டாம் மாத முடிவில் பன்னிரண்டு, இரண்டு ஆனது. கம்பெனி ஆள் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "படிச்ச புள்ளைன்னா இதுதான்" என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். மேசை மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டில் சாப்பாடும் மாறியிருந்தது. முதல் மாதம் முழுக்க மதியம் மீன்தான். உப்புப் போட்டு அவித்தது, இல்லாவிட்டால் சுட்டது. இப்போது கிழங்கு, கீரை, மறுநாள் கிழங்கு. அவன் ஊர்க்காரர்களில் பல பேர் மீன் தொடமாட்டார்கள் என்று யாரோ அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று அவனே முடிவு கட்டினான். ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசியில் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னான்.

"எனக்காகச் சைவமாவே சமைக்கிறாங்கம்மா."

"நல்ல மனுஷங்கப்பா. அவங்களுக்கு என் சார்பா ஒரு கும்பிடு போடு."

போட்டான். அடுப்படியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அக்கா, கத்தியும் கையுமாக எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் பதிலுக்குத் தலையை ஆட்டினாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அளவுகோலைக் கொட்டகையில் மறந்துவிட்டு மதியம் திரும்பிப் போனான். பின்பக்கக் கதவு வழியாக நுழைந்தால் குறுக்கு வழி. அந்தக் கதவுக்கு வெளியே ஏழு பெண்கள் மூடி போட்ட பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஏழாவதாக நின்றவள் அவன் வீட்டு அக்கா. பெரியக்கா ஓரக்கூடையைக் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கூடையில் கால் பட்டு நசுங்கிய மீன் நாலைந்து கிடந்தது. ஏழு பேரும் சண்டை போடவில்லை, பேசவுமில்லை. ஒருத்தி குந்தி உட்கார்ந்து கத்தியால் துண்டு போட்டாள். அக்காவுக்கு ஒரு தலையும் கொஞ்சம் வாலும் வந்தன.

அவன் அளவுகோலை எடுக்காமலே திரும்பினான்.

அன்று மதியம் அவன் தட்டில் கிழங்கோடு ஒரு மீன் தலை இருந்தது. மாமா கட்டிலில் இருந்தபடி, "நான் அப்பவே சாப்பிட்டுட்டேன்" என்றார். ரேடியோ, காற்று தென்மேற்காக வீசும் என்றது. மீன் தலை அவனைப் பார்த்தது. அவன் அதைத் தின்றான். தின்னாமல் வைத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

மறுநாள் மேசையில் வாயாடியிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ஓரக்கூடை யாருக்குப் போகுது?"

அவள் கை நிற்கவில்லை. "இப்பதான் கேக்கறியா? ரெண்டு மாசமா என்ன பண்ணிட்டிருந்த?"

"அளந்திட்டு இருந்தேன்."

"கடலுக்குப் போக ஆள் இல்லாத வீடு ஏழு இருக்கு. விழுந்தவன், படுத்தவன், போய்ச் சேர்ந்தவன். கூடை அவங்களுக்கு. படகுக்காரங்களுக்கும் தெரியும், அவங்க பொண்டாட்டிமார்தானே இங்க நிக்கிறோம். நாளைக்கு எந்த வீடு எட்டாவதாகும்னு யாரு கண்டா?"

"அப்ப நல்ல மீனை வேணும்னேதான் போட்டீங்களா?"

"பின்ன, எங்களுக்கு நல்ல மீனு எது கெட்ட மீனு எதுன்னு தெரியாதா? படம் வேற மாட்டி வச்சிருக்க."

"நேராவே கொடுக்கலாமே. எதுக்கு இவ்வளவு சுத்து?"

வாயாடி முதல்முறையாக அவனை முழுசாகப் பார்த்தாள். "கொடுத்தா அவங்க வாங்கணும். வாங்கினா எங்களப் பாக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி சிரிக்கணும். வேண்டாம்னு தூக்கிப் போட்டத எடுத்திட்டுப் போறதுக்கு யாரப் பாத்து சிரிக்கணும்? அதுவுமில்லாம, நல்ல மீனு தனியாப் போகுதுன்னு தெரிஞ்சா அதோ உக்காந்திருக்கே, அது விடுமா?" கம்பெனி ஆள் நாற்காலியில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நோட்டுல எழுதுவ."

அது உண்மைதான். எழுதியிருப்பான். அதற்கென்று ஒரு தலைப்பே போட்டிருப்பான்.

அன்றிலிருந்து அவன் கூடைக்குள் கையை விடவில்லை. நல்ல மீன் விழுந்தால் தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தான். சும்மா நிற்காமல் அவனும் மேசையில் மீன் பிரிக்கத் தொடங்கினான். இரண்டு, ஐந்தாகி, ஒன்பதாகி, ஒரே வாரத்தில் பன்னிரண்டைத் தாண்டியது. மேசையில் மறுபடி பேச்சு வந்தது. யாரும் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. எடுத்ததைத் திரும்ப வைத்தவனுக்கு யார் நன்றி சொல்வார்கள்? வீட்டில் மீன் வந்தது. மாமா ஒரு முழு மீனைத் தின்றுவிட்டு, "இன்னிக்குப் போனவங்களும் மனுஷங்கதான்" என்று ஒரு சலுகை கொடுத்தார்.

ஆனால் இரண்டு சதவீதத்தை ருசி பார்த்துவிட்ட கம்பெனி ஆளுக்குப் பன்னிரண்டு தொண்டையில் முள்ளாகக் குத்தியது. ஒருநாள் எழுந்து வந்து ஓரக்கூடையைக் காலால் எத்தினார்.

"என்ன இது? போன மாசம் இல்லாத சேதாரம் இந்த மாசம் எங்கேருந்து வருது? உங்களால முடியலேன்னா நானே ஒரு ஆளப் போடறேன். மேசையில என் ஆளு நிப்பான்."

கம்பெனியின் ஆள் மேசையில் நின்றால் ஓரக்கூடையின் கதை முடிந்தது. பன்னிரண்டு பெண்களுக்கும் அது தெரியும். இப்போது இவனுக்கும் தெரியும். பெரியக்கா கையில் இருந்த மீனைக் கீழே வைத்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னாள்.

"அந்தத் தம்பி கைதாங்க காரணம். போன மாசம் சும்மா நின்னு பாத்திட்டிருந்தான். இப்ப அவனும் மீனு பிரிக்கிறான். பழக்கமில்ல. புடிச்சா நசுங்குது, உட்டா கிழியுது."

கம்பெனி ஆள் இவனைப் பார்த்தார். இவன் கையில் அப்போது ஒரு மீன் இருந்தது. கட்டைவிரலால் வயிற்றை லேசாக அழுத்தினான். அது பட்டென்று பிளந்தது. ஓரக்கூடையில் போட்டுவிட்டு, "மன்னிச்சிருங்க சார்" என்றான்.

"படிச்சவன்னாங்க" என்றார் அவர்.

"படிப்பு வேற, கை வேற" என்றாள் பெரியக்கா.

"சரி, இவன அனுப்பிடு."

"நாங்க எப்படிங்க அனுப்பறது? ஆஃபீஸ் அனுப்பின ஆளு. சம்பளமும் இல்ல. சும்மா நிக்கறவன எந்தக் காரணம் சொல்லி அனுப்ப?"

"எப்பப் போவான்?"

"இருக்கறவரைக்கும் இருப்பான்."

"இவன் போனப்புறமும் கூடை இப்படியே ரொம்பிச்சுன்னா என் ஆளு வருவான். இப்பவே சொல்லிட்டேன்" என்று அவர் நாற்காலிக்குப் போனார்.

இப்போது நிலைமை அவனுக்குத் தெளிவாகப் புரிந்தது. அவன் இருக்கிறவரை கூடைக்கு ஒரு காரணம் இருக்கும். அவன் இருப்பதற்கு அலுவலகத்துக்கு ஒரு நல்ல எண் வேண்டும். நல்ல எண் வந்தால் கூடை இருக்காது. கல்லூரியில் இப்படி ஒரு கணக்கு வந்தபோது பேராசிரியர், "இதுக்கு விடை கிடையாது, அடுத்ததுக்குப் போங்க" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவனை மதிப்பிடத் தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் மேடம் வருவதற்குப் பத்து நாள் இருந்தது.

அந்தப் பத்து நாளும் அவன் மனசாட்சியோடு மீனைக் கெடுத்தான். எல்லா மீனையும் கெடுக்க முடியாது, கெடுத்தால் சந்தேகம் வரும். வேண்டுமென்றே செய்தது போலத் தெரியாமல் கை தவறுவது, நினைத்ததைவிட நுணுக்கமான வேலை. முதல் மூன்று நாள் உண்மையாகவே கை தவறியது. நான்காம் நாள் பழகிவிட்டதால் தவறவே மாட்டேன் என்றது.

"என்ன சதவீதம், கை தேறிடுச்சு போல" என்றாள் வாயாடி. "கெட்டுப் போச்சு போ."

மேடம் நகரத்திலிருந்து காரில் வந்தார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று கொட்டகை வாசலில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கழற்றாமலே வந்தார். கையில் அட்டையில் செருகிய படிவம். இவன் முந்தைய மாதம் அனுப்பியிருந்த வரைபடத்தை அவர் அச்செடுத்தே கொண்டுவந்திருந்தார். கோடு மேலிருந்து கீழே சறுக்கு மரம் போல இறங்கியிருந்தது.

"அற்புதமான வேலை. தலைமை அலுவலகத்துல எல்லாரும் பாத்தாங்க. இன்னிக்கு எவ்வளவு?"

கம்பெனி ஆள் நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். மேசையில் பன்னிரண்டு ஜோடிக் கைகள் கொஞ்சம் மெதுவாயின. பெரியக்கா இவனைப் பார்க்கவில்லை. அவள் பார்வை மீன்மேல்தான் இருந்தது. இரண்டு என்று சொல்லிவிட்டால் மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறிவிடுவார். செருப்போடு வந்தவர் கூடைக்குள் கைவிட்டு எண்ணப் போவதில்லை. ஒரு வருடம் கிடைக்கும். ஆனால் அந்த இரண்டைக் கம்பெனி ஆளும் கேட்டுக்கொண்டிருப்பார். எதிரே கூடை ததும்பிக்கொண்டிருந்தது.

"பதினாலு, மேடம்."

"நாலா?"

"பதினாலு."

மேடம் வரைபடத்தைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். "தொடங்கினதே பன்னிரண்டுதானே?"

"ஆமா."

"என்ன காரணம்?"

இந்த இடத்தில் அவன் சொல்லக்கூடிய கெட்டிக்காரத்தனமான காரணங்கள் நாலைந்து இருந்தன. பருவம், வலையின் கண், ஐஸின் தரம். எதைச் சொன்னாலும் மேடம் எழுதிக்கொள்வார். எதைச் சொன்னாலும் பெரியக்கா சொன்னது பொய்யாகி, கம்பெனி ஆள் நாளைக்கே தன் ஆளை நிறுத்துவார்.

"என் கைதான், மேடம். எனக்கு இந்த வேலை வரல."

மேடத்தின் பேனா படிவத்துக்கு மேலே நின்றது. பத்து வருடமாக அவர் கேட்காத வாக்கியம் அது. பிறகு தாழ்ந்த குரலில், "அப்படீன்னா தொடர்றதுக்கு என்ன நியாயம் இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஊரில் அப்பா பேப்பரை மடிப்பது தெரிந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம்." பெரியக்கா கையைத் துடைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். "இந்தத் தம்பிய எடுத்திட்டுப் போயிடாதீங்க."

"இவராலதான் சேதாரம் கூடியிருக்குன்னு இவரே சொல்றாரே."

"கூடித்தான் இருக்கு. அதுக்காக? பாதி பழகினத அப்படியே விடறதா? நாங்க பழக்கி விடறோம். ஒரு வருஷம் ஆகும். மண்டு."

"ஒன்றரை" என்றாள் வாயாடி.

மேடம் பெரியக்காவை வெகுநேரம் பார்த்தார். அவர் எத்தனையோ குடியிருப்புகளுக்குப் போயிருக்கிறார். எங்கள் கிணற்றைச் சரிசெய்யுங்கள் என்று கேட்டவர்கள் உண்டு. நீங்கள் அனுப்பிய ஆளைத் திருப்பி எடுங்கள் என்று கேட்டவர்கள் நிறைய உண்டு. அனுப்பிய ஆளைத் தாங்களே சரிசெய்து தருவதாகச் சொன்னவர்கள் இவர்கள்தான். படிவத்தில் 'சமூகப் பங்கேற்பு' என்று ஒரு பத்தி இருந்தது. வழக்கமாக அதில் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுவார். இன்று அவர் பேனா அங்கே இறங்கி, பத்தி போதாமல் பக்கவாட்டில் ஏறி, மறுபக்கம் போனது. அவர் கண்கள் லேசாகக் கலங்கியிருந்ததற்கு ஐஸும் அமோனியாவும் காரணமாக இருக்கலாம்.

"இலக்கு எட்டல, அது உண்மை" என்றார் அவனிடம். "பதவிய 'நிபுணர்'லேருந்து 'பயிற்சி பெறுபவர்'னு மாத்த வேண்டியிருக்கும். வருத்தப்படாதீங்க."

"பரவாயில்ல மேடம்."

"ஒரு வருஷமா?" என்று கேட்டார் கம்பெனி ஆள், நாற்காலியிலிருந்து.

"ஒரு வருஷம்" என்றார் மேடம், அது ஒரு நல்ல செய்தி என்ற தோரணையில். கம்பெனி ஆள் பல் குத்தும் குச்சியைத் துப்பினார்.

கடைசியாக, 'தொண்டரின் பலங்கள்' என்ற இடத்தில் மேடம் நின்றார். சமூகத் தலைவர்தான் அதைச் சொல்ல வேண்டும் என்பது விதி. பெரியக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மேசையே யோசித்தது. வாயாடி ஏதோ சொல்ல வாயெடுத்து, பெரியக்காவின் ஒரு பார்வையில் மூடிக்கொண்டாள்.

"எழுதிக்குங்க" என்றாள் பெரியக்கா. "நிக்க வேண்டிய எடத்துல நிப்பான்."

படிவத்தின் நகலை மேடம் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அப்பா, அலுவலகம் என்ன சொல்லிற்று என்று கேட்டார். ஒரு வருடம் உறுதி என்றான். அதற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா, சித்தப்பா கேட்கிறான் என்றார் அப்பா. பலங்கள் என்ற இடத்தில் இருந்ததை மட்டும் அவன் வாசித்துக் காட்டினான்.

அந்தப் பக்கம் பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது.

"இருபத்திநாலு வருஷம் இந்த வீட்டுல இருந்தே" என்றார் அப்பா. "இது எங்க கண்ணுல படவே இல்லையே."